வண்டி டிக்கெட்டும் முன்பாரமும்

கூச்சம் உள்ளவனுக்கு இந்த உலகத்தில் இரண்டே திசைகள்தான். ஒன்று பின்னால். மற்றொன்று, இன்னும் கொஞ்சம் பின்னால். கல்யாண போட்டோவில் அவன் தூணுக்குப் பின்னால் நிற்பான். பந்தியில் கடைசி இலையில் உட்காருவான். பாயசம் அந்த இலைக்கு வந்து சேருவதற்குள் வாளி காலியாகிவிடும், ‘தீர்ந்துபோச்சா?’ என்று கேட்கவும் அவனுக்கு வாய் வராது. நான் அந்த வகை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம் என்றால், ஆறாம் வகுப்பில் புது வாத்தியார் முன்னால் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

இப்போது இதை எழுத வைத்தது என் மகன். போன மாதம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று துள்ளினான்.

“யப்பா, அமெரிக்காவுல காரை அப்படியே கொட்டகைக்குள்ள ஓட்டிட்டுப் போயிருதாங்களாம். காரை விட்டு இறங்காமலே படம் பாக்குதாங்களாம். என்ன மூளை பாருங்க!”

அடுக்களைக்குள்ளிருந்து என் மனைவி கோமதியின் சிரிப்புச் சத்தம் வந்தது. பின்னாலேயே பேச்சும் வந்தது.

“அந்த மூளையெல்லாம் தென்காசியில எப்பவோ இருந்துச்சுலே. உங்க அப்பாகிட்ட கேளு. அவுக அதுல விழுந்து எந்திரிச்சவுக.”

(விழவில்லை. தொங்கினேன். ஆனால் இத்தனை வருஷத்தில் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

அவள் சொன்னது உண்மைதான். சுதந்திரத்துக்கெல்லாம் முன்னால், சினிமா அப்போதுதான் வாய் திறந்து பேச ஆரம்பித்திருந்த காலத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு தரிசு நிலத்தில் நாங்கள் வண்டியில் உட்கார்ந்தே படம் பார்த்தோம். எங்கள் வண்டியை இழுத்தது பெட்ரோல் இல்லை, வைக்கோல். அவ்வளவுதான் வித்தியாசம்.

சாரல் காலத்தில் எங்கள் பக்கம் வந்து டெண்டு அடிப்பவருக்கு நெஞ்சுத் துணிச்சல் இருக்க வேண்டும், அல்லது ஊர் தெரியாதவராக இருக்க வேண்டும். அந்த டூரிங் டாக்கீஸ்காரர் இரண்டாவது வகை. மதுரைப் பக்கத்து ஆள். நாங்கள் அவரை டாக்கி அண்ணாச்சி என்போம். அவர் டெண்டு அடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கணவாய் வழியாக வந்த காற்று டெண்டின் பின்பாதியைக் கிழித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தென்னந்தோப்பில் காயப்போட்டுவிட்டது. முன்பாதி மட்டும் தப்பியது. அதன் கீழே திரையும் மணலில் உட்காரும் தரை டிக்கெட்காரர்களும் நனையாமல் இருந்தார்கள். பெஞ்சு போட்டிருந்த பின்பாதிக்கு மேலே ஆகாயம்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். டாக்கி அண்ணாச்சி மறுநாளே தமுக்கு அடிக்கிற ஆளைச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். “வண்டியோட வாங்க! வண்டியில இருந்தே பாருங்க! ஒரு சொட்டு நனையாம பாருங்க!” என்று தகரக் குழாயில் கூவல். அதாவது, அவரவர் கூரையை அவரவரே கொண்டு வர வேண்டியது. இதற்குப் பெயர் வண்டி டிக்கெட்.

சனங்கள் குவிந்துவிட்டார்கள். சுரண்டையிலிருந்தெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கூண்டு வண்டிக்குள் வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்துச் சாய்ந்துகொண்டு படம் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அது இப்போது நாற்காலி போட்ட தியேட்டரில் கிடையாது. வண்டிகளின் பின்பக்கம் திரையைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு கூண்டு வாயிலும் வரிசையாகக் கால்கள் தொங்கும். வடகரையிலிருந்து வருகிற ராவுத்தர் வீட்டு வண்டிக்கு முன்னும் பின்னும் திரைச்சீலை. உள்ளேயிருந்து பெண்களின் சிரிப்பு மட்டும் கேட்கும். எல்லோருக்கும் பின்னால் ஒரு மண்மேட்டில் தகரக் கொட்டகை. அதுதான் மிஷின் ரூம். அதன் ஓட்டை வழியாகக் கிளம்பும் வெளிச்சம் எங்கள் கூண்டுகளின் முதுகை உரசிக்கொண்டு திரைக்குப் போகும். அந்த வெளிச்சத்துக்குள் சாரல் விழுவதைப் பார்க்கவேண்டும். யாரோ மேலே உட்கார்ந்து அரிசி மாவு சலிக்கிற மாதிரி இருக்கும்.

முதல் நாள் மாடுகளைப் பூட்டியபடியே நிற்க விட்டார்கள். படத்தில் ஒரு தேர்ப்பாகன் வந்து “ஹை! ஹை!” என்று சாட்டையைச் சொடுக்கினான். அவ்வளவுதான். வண்டி டிக்கெட்டில் பாதி கிளம்பிவிட்டது. ஒரு குடும்பம் படம் பார்க்கிற மும்முரத்தில் குற்றாலம் ரோடு ஏறின பிறகுதான் விழித்துக்கொண்டது என்று சொல்வார்கள். அன்றிலிருந்து மாட்டை அவிழ்த்து வெளியே கட்ட வேண்டும் என்று சட்டம்.

மாடு இல்லாத வண்டி எப்படி நிற்கும்? நுகத்தடிக்குக் கீழே ஒரு கவைக்கம்பு. அது முன்பக்கம் சாயாமல் தாங்கும். பின்பக்கம் ஆள் உட்காருவதால், பின்பலகைக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை. இந்த இரண்டும் இருந்தால் வண்டி கட்டில் மாதிரி நிற்கும். முன்பாரம், பின்பாரம் பார்ப்பதுதான் வண்டித் தொழிலின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடி எனக்கு நடக்கத் தெரிந்த வயசிலேயே தெரியும். தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப்போகிற கூண்டு வண்டி எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு நான். செவலை ஒன்று, மயிலை ஒன்று என்று இரண்டு காளைகள். இதை நான் இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

அப்போது எனக்குக் கல்யாண வயது வந்து, வந்த வயது போய்க்கொண்டும் இருந்தது. முந்தின வருஷம் சுரண்டையில் ஒரு பெண் பார்க்கப் போயிருந்தோம். நான் கூச்சத்தில் என் பெரியப்பா மகனுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பெண் வீட்டார் அவனைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. அந்தப் பெண் இன்று எனக்கு மைனி. நல்ல மாதிரி. விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் ஒரு பணியாரம் கூடுதலாக வைப்பார்கள்.

இதற்குப் பிறகுதான் என் அக்கா வள்ளி களத்தில் இறங்கினாள். அவளை அச்சன்புதூரில் கொடுத்திருந்தது. அவள் தெருவிலேயே ஆவுடையப்பன் என்றொரு விவசாயி. அவர் மகள்தான் கோமதி. “வீட்டுக்குள்ள வச்சுப் பொண்ணு பாத்தா இவன் சொவருக்குள்ள போயிருவான்” என்று சொல்லி, அக்கா வேறு ஏற்பாடு செய்தாள். அவர்கள் சீசனுக்குக் குளிக்க வருவார்கள். என் வண்டியில் ஐந்தருவிக்குப் போவார்கள். சாயங்காலம் அதே வண்டியில் டாக்கீஸ். போகிற வழியில் அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் பெண்ணைப் பார்ப்பேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் அக்கா வண்டியடிக்கு வந்து என் காதைப் பிடித்தாள்.

“ஏலே, இங்கன பாரு. அந்த மாமா பழைய நாடகக்காரரு. கோயில் கொடைக்கு வருசா வருசம் ராஜா வேசம் அவுகதான். பேசுனாலே நாடகம் மாதிரித்தான் இருக்கும். சிரிச்சிராத. கூப்பிட்ட கொரலுக்கு எந்திரிச்சு நில்லு. மரியாதை தெரிஞ்ச பையன்னு அவுகளுக்குத் தோணணும். இதுவும் போச்சுன்னா நான் இனி உனக்குப் பொண்ணு பாக்க மாட்டேன். அந்த மயிலையோடயே குடும்பம் நடத்து.”

நான் தலையாட்டினேன். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நிற்க வேண்டும். மனப்பாடம் செய்துகொண்டேன். (பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் ஆறாம் வகுப்பும் பார்த்திருப்பேன்.)

மாமா நல்ல ஆகிருதி. முறுக்கிய மீசை. வண்டியில் அவர் கால் வைத்ததும் செவலை திரும்பி என்னைப் பார்த்தது. ஐந்தருவியைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து, “ஆகா! என்னே இதன் வேகம்! என்னே இதன் ஆரவாரம்!” என்றார். குளிக்கிறவர்கள் பயந்து வழிவிட்டார்கள். என்னிடம், “தம்பி, வண்டியை இவ்விடம் நிறுத்தும்” என்றார். நிறுத்தினேன். “சற்று இப்படி வாரும்” என்றார். போனேன். ஒரு பெரிய பலாப்பழத்தை வாங்கி என் தலையில் வைத்தார். அதன் கீழே என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

உண்மையில் அன்று பூராவும் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. சாரலுக்காகத் தலையில் துண்டைக் கட்டி நெற்றி வரைக்கும் இறக்கிவிட்டிருந்தேன். வண்டி ஓட்டுகிறவன் முன்னால் பார்த்துத்தானே ஓட்ட வேண்டும்? அந்த நியாயம் எனக்கு வசதியாக இருந்தது. ஐந்தருவியிலிருந்து டாக்கீஸ் வரும் வரைக்கும் நான் திரும்பவே இல்லை. பெண்ணின் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏட்டி வள்ளி, ஒன் தம்பி மொகத்தைக் காட்டவே மாட்டானா? மூக்கு கீக்கெல்லாம் இருக்குல்லா?”

“எல்லாம் இருக்கு அத்தை. பொறவு எண்ணிப் பாத்துக்கிடலாம்.”

அப்போதுதான் அந்தக் குரலை முதல் தடவையாகக் கேட்டேன்.

“யம்மா, இந்த மயிலை மாட்டைப் பாரேன். தலையைத் தூக்கவே மாட்டேங்குது. இதுக்கும் வெக்கமா?”

கோமதி. ‘இதுக்கும்’ என்றாள். அந்த ‘உம்’ எனக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும். காது சூடாகிவிட்டது. ஆனால், எப்படிச் சொல்ல, அந்தக் குரலில் கேலி இருந்தது, குத்தல் இல்லை. அந்த வழியில் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறேன். ரோடு இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்று அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன். இந்தக் குரல் வீட்டில் கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படி எனக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை. இந்த முறை யாருக்குப் பின்னாலும் உட்காரக் கூடாது என்று சபதம் செய்துகொண்டேன்.

சபதம் மைதானத்துக்குள் நுழைகிற வரைக்கும் இருந்தது.

டாக்கி அண்ணாச்சி தகரக் குழாயோடு நின்றார். “கூண்டு வண்டி! பின்வரிசை, நடுவுல! பின்னால எடு, எடு, போதும்!” மிஷின் ரூமுக்கு நேர் முன்னால் எங்கள் வண்டி. பின்பக்கம் திரைக்கு. கவைக்கம்பை நுகத்தடிக்குக் கீழே நிறுத்தி, காளைகளை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு வந்தேன். முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

போனவன் சக்கரத்தோடு நின்றுவிட்டேன்.

பின்பலகையில் கோமதி உட்கார்ந்திருந்தாள். கால் தொங்கிக்கொண்டிருந்தது. கொலுசு போட்ட கால். முட்டுக்கட்டை போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் காலுக்கு நேர் பின்னால். “கொஞ்சம் காலை எடுத்துக்கிடுங்க” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்ல மனிதனுக்கு எவ்வளவு மூச்சு தேவை? எனக்கு அந்த மூச்சு வரவில்லை. கட்டையை அப்படியே பின்னால் மறைத்துக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டேன்.

“ஏலே, முட்டு குடுத்தாச்சா?” என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

“ம்” என்றேன்.

(என் பொய்யின் மொத்த நீளம் அவ்வளவுதான். ஒரே எழுத்து. அதிலும் புள்ளி வைத்த எழுத்து.)

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. பலாப்பழத்தைக் கூண்டின் முன்பக்கம் வைத்தேன். மாமாவும் மற்றவர்களும் கூண்டின் பின்பக்கம் நகர்வதற்குள் நான் நுகத்தடி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். முன்பாரத்துக்குப் பழமும் நானும். படம் முடிகிற வரைக்கும் நான் எழுந்திருக்காமல் இருந்தால் போதும். பின்னால் முட்டே தேவையில்லை. கூச்சப்படுகிறவனுக்கு இம்மாதிரி யோசனைகள் நிறைய வரும்.

விளக்கு அணைந்தது. படம் ஆரம்பித்தது. ஏதோ ராஜா ராணி கதை. எனக்குத் திரை முதுகுப் பக்கம். நான் பார்த்த படம் வேறு: ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் ஆபரேட்டரின் மூக்கு. பேச்சும் பாட்டும் மட்டும் கூண்டுக்குள் புகுந்து என் முதுகில் வந்து மோதிக்கொண்டிருந்தன. நடுநடுவே மாமாவும் திரையில் இருக்கிற ராஜாவுக்குப் போட்டியாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். “சபாஷ்! இவ்விடத்தில் குரலை இறக்க வேண்டும். இறக்கினான் பார்!” என்பார். எது ராஜா, எது மாமா என்று பிரிப்பது கஷ்டமாக இருந்தது. நான் பிரிக்க முயற்சியும் செய்யவில்லை. நான் வேறொரு குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“யம்மா, அந்த ராணி இம்புட்டு நேரமா அழுதாளே, கண்ணுல மை கலையவே இல்லை பாத்தியா?”

நான் இருட்டில் சிரித்துக்கொண்டேன். நாளைக்கு இவள் நம் வீட்டில் இருந்தால் இப்படித்தான் பேசுவாள். நான் வண்டி அவிழ்த்துவிட்டு வருவேன். இவள் மயிலையைப் பார்த்து ஏதாவது சொல்வாள். நான் இப்படியே சிரிப்பேன். சாரல் பெய்தது. நுகத்தடி லேசாக ஆடியது. நான் எங்கேயோ போய்விட்டேன்.

அப்போது அந்தக் குரல் வந்தது.

“மாப்பிள்ளாய்! இன்னும் எத்தனை நேரம் அங்கேயே வீற்றிருப்பீர்? எழுந்து இப்படி வாரும்!”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மாமா என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டார்! அதுவும் ஊருக்கே கேட்கும்படி! முகத்தைக்கூடப் பார்க்காமல் சம்மதித்துவிட்டார்! அக்கா சொன்னது காதில் அடித்தது. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நிற்க வேண்டும்.

“இந்தா வந்துட்டேன் மாமா!” என்று துள்ளி எழுந்தேன்.

என் வாழ்நாளில் நான் சத்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அது. அதன் முடிவில் நுகத்தடி என் பின்னாலிருந்து மேலே கிளம்பியது.

திரும்பினேன். முன்பாரம் போய்விட்டது என்று அந்த நொடியில்தான் புத்திக்கு உறைத்தது. தாவி நுகத்தடியை இரண்டு கையாலும் பிடித்தேன், கீழே இழுத்துவிடலாம் என்று. நான் ஒல்லி. பின்னால் மாமா. நான் அதை இழுக்கவில்லை. அது என்னைத் தூக்கிக்கொண்டு போனது. முன்பக்கம் வைத்த பலாப்பழம் உருண்டு பின்பாரத்தோடு சேர்ந்துகொண்டது. பின்பலகை தொப்பென்று சேற்றில் உட்கார, ஜமுக்காளத்தோடு மாமா, அத்தை, அக்கா எல்லோரும் முறத்திலிருந்து தவிடு கொட்டுகிற மாதிரி வெளியே சரிந்தார்கள். பலாப்பழம் நிற்கவில்லை. தரை டிக்கெட்டுக்குள் உருண்டு போய்விட்டது. (அது திரும்பவே இல்லை. மறுநாள் அந்த மணலில் நிறையப் பலாக்கொட்டை கிடந்ததாகச் சொன்னார்கள்.)

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே தொங்கினேன்.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நுகத்தடி போய் நின்ற இடம் மிஷின் ரூம் ஓட்டைக்கு நேர் முன்னால். திரையில் ராஜசபை நடந்துகொண்டிருந்தது. சபை நடுவில், ராஜாவை விடப் பெரிதாக, ஒரு உத்திரமும், உத்திரத்தில் இரண்டு கைகளும், கைகளுக்கு நடுவே துண்டு கட்டிய ஒரு தலையும் கறுப்பாக வந்து நின்று இப்படியும் அப்படியும் ஆடின. இடுப்புக்குக் கீழே வெளிச்சம் படவில்லை. என் வேட்டி அப்போது இருந்த நிலைமைக்கு அது தெய்வச் செயல்.

தரை டிக்கெட்டில் விசில் பறந்தது.

“பூதம்லே! பூதம் வந்துட்டு!”

“ஏலே, பூதம் தலையில துண்டு கட்டியிருக்குலே!”

டாக்கி அண்ணாச்சி குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “படத்துக்குள்ள தொங்குறது யாருய்யா? இறங்குய்யா! டிக்கெட் எடுத்த எல்லாரும் படத்துல வரணும்னா நான் என்ன பண்றது?”

நான் இறங்கவில்லை. இறங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடியவனுக்கு உயரம் கணக்கில்லை. மிஷின் ரூம் வெளிச்சம் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. கையை விட்டால் குற்றாலத்து அருவி உச்சியிலிருந்து விழுவது போல விழப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கல்யாணம் போச்சு, வண்டி போச்சு, கை எலும்பும் போகப்போகிறது.

அப்போது என் காலடியில் ஒரு குரல் கேட்டது. சிரித்து ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த குரல்.

“கையை விடுங்க. தரை இங்கனதான் இருக்கு.”

கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். என் காலுக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு சாண். கோமதி நின்றுகொண்டிருந்தாள். பின்பலகையில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததால், வண்டி சரிந்தபோது அவள் கால் தானாகவே தரையில் ஊன்றியிருக்கிறது. எல்லோரும் விழ, அவள் மட்டும் எழுந்து நின்றிருக்கிறாள். எந்தக் காலுக்குக் கூச்சப்பட்டு நான் முட்டு வைக்காமல் வந்தேனோ, அந்தக் கால்தான் அன்றைக்குத் தரையில் நின்ற ஒரே கால்.

கையை விட்டேன். தரை அங்கேதான் இருந்தது.

விளக்கு போட்டார்கள். மாமா சேற்றில் சம்மணம் போட்ட நிலையில் இருந்தார். மீசையின் ஒரு பக்கம் மண். வெள்ளை வேட்டி வெள்ளையாக இல்லை. “யாரங்கே!” என்று ஒரு கர்ஜனை போட்டார். தரை டிக்கெட் கை தட்டியது.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “எடுபட்ட பயலே, முட்டு குடுத்தேன்னு சொன்னியேலே! எதுக்குலே எந்திரிச்ச?”

“மாமா கூப்பிட்டாவ” என்றேன்.

“நானா?” என்றார் மாமா.

“ஆமா மாமா. ‘மாப்பிள்ளாய், எழுந்து இப்படி வாரும்’னு... நீங்கதான...”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அது படத்துல ராசா கூப்பிட்டதுலே! படத்து மாப்பிள்ளையை!”

இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். செவலையும் மயிலையும் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறேன், ஓடினால் எத்தனை நேரத்தில் போய்ச் சேரலாம் என்று பார்த்துக்கொண்டேன். மாமா மெல்ல எழுந்தார். என் முன்னால் வந்து நின்றார். மீசையைத் துடைத்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். அந்த ராஜா பேசியதைக் கேட்டு, நான் பேசியதாகவா நினைத்தீர்?”

“ஆமா மாமா.”

“வித்தியாசம் தெரியவில்லையா?”

“இல்ல மாமா.”

“கொஞ்சம் கூடவா?”

“கொஞ்சம் கூட இல்ல மாமா.”

மாமா அத்தை பக்கம் திரும்பினார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குப் பிறகு பேரப்பிள்ளை பிறந்தபோதுதான் பார்த்தேன்.

“கேட்டாயா? இத்தனை வருஷம் கொடையில் நான் வாய் திறந்தால் காதைப் பொத்திக்கொள்வாயே! டாக்கியில் பேசுகிறவன் குரலுக்கும் என் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார் பையன். ஞானம் உள்ள பையன்!”

“சேத்துல தள்ளி விட்டிருக்கான், ஞானமாம்” என்றாள் அத்தை, சேலையைப் பிழிந்துகொண்டே. ஆனால் அவள் பார்வை என் மூக்கில் இருந்தது. ஒருவழியாக அது இருப்பதைப் பார்த்துவிட்டாள். திருப்தி மாதிரிதான் தெரிந்தது.

நாலு பேராகச் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினோம். இந்த முறை முட்டுக்கட்டையை நான்தான் வைத்தேன். கோமதி கேட்காமலே காலைத் தூக்கிக்கொண்டாள். அக்கா அவள் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கிற மாதிரி, “பையன் எப்பிடிட்டி?” என்றாள்.

“படத்துல பெருசா இருந்தாவ” என்றாள் கோமதி. “நேர்ல அளவா இருக்காவ.”

அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. டாக்கி அண்ணாச்சியும் வந்து சாப்பிட்டுவிட்டு, “மாப்பிள்ளையைச் சினிமாவில் அறிமுகம் செய்தது நான்தான்” என்று எல்லோரிடமும் சொன்னார். அதன்பிறகு காற்று டெண்டின் முன்பாதியையும் கொண்டுபோக, அவர் வேறு ஊர் போய்விட்டார். வண்டி டிக்கெட் அதோடு சரி.

மாமா இருந்தவரைக்கும் எந்தப் பந்தியிலும் நான் இலையை விட்டு எழுந்தால், “மாப்பிள்ளாய், யார் அழைத்தது என்று விசாரித்துவிட்டு எழும்பும்!” என்பார். அது இப்போது பிள்ளைகள் வரைக்கும் இறங்கியிருக்கிறது. ரேடியோவில் யாராவது “வாருங்கள்” என்றால் போதும், என் மகன் ஓடிவந்து என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வான்.

கோமதி மட்டும் அதைச் சொல்ல மாட்டாள். அவளுக்கு என்று தனியாக ஒன்று உண்டு. வண்டியை விற்றுவிட்டுக் கடை வைக்கலாமா வேண்டாமா என்று நான் பல நாள் தூங்காமல் உருண்டபோது சொன்னாள். மகன் காய்ச்சலில் கிடந்து, டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நின்றபோது சொன்னாள்.

போன வாரமும் சொன்னாள். எங்கள் மகள் வாத்தியார் பயிற்சிக்குத் திருநெல்வேலிக்குக் கிளம்பினாள். முன்னால் எழுந்து நின்று பெயர் சொல்லப் பயந்தவனின் மகள், இனி நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசப்போகிறாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு பற்றி ஒன்று, தலையணை பற்றி ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். கம்பியை விடவில்லை. மகள் சிரித்துக்கொண்டே, “யப்பா!” என்றாள்.

பின்னாலிருந்து கோமதி என் தோளைத் தொட்டாள்.

“கையை விடுங்க. தரை இங்கனதான் இருக்கு.”

விட்டேன்.